பட்டன் சொன்ன முதல் பொய்

நாத்தனார் சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாளே, அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் அடிமேல் அடிவைத்துத்தான் நடந்தார்கள்.

"புருஷன் வீட்டை விட்டுட்டு ஏன் வந்தே?" என்று அண்ணன் கேட்டதில் தப்பில்லை. கேட்ட நேரம்தான் தப்பு. இரண்டு சூட்கேஸோடு அவள் வந்திறங்கி இரண்டு மாதம் ஓடிவிட்டது. காரணம் மட்டும் வாயிலிருந்து வரவில்லை. அண்ணன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவன். நூலளவு பிசகினாலும் பொறுக்காமல் கழற்றி மறுபடி மாட்டுகிறவன். தங்கை விஷயத்தில் எந்தப் பக்கம் தேய்த்தால் தெளிவாகும் என்று தெரியாமல் அவன் திணறிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவிக்கு அதைவிடப் பெரிய கவலை. அவள் டவுன் பஸ் ஓட்டுகிறவள். பயணிகளுக்கு அவள் டிரைவரம்மா. நமக்கும் அப்படியே இருக்கட்டும். பிரசவத்துக்குப் பிறகு நாலு வருஷம் வீட்டோடு கிடந்துவிட்டு, நாத்தனார் வந்த தைரியத்தில்தான் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். நர்சரி மதியத்தோடு முடிந்துவிடும். அதற்குமேல் சாயங்காலம் வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வது நாத்தனார்தான். அவள் கோபித்துக்கொண்டு சூட்கேஸைத் தூக்கினால், டிரைவரம்மாவும் சாவியை டிப்போவில் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

குழந்தைக்கு நாலு வயது. பிறந்த அன்று மூக்கைப் பார்த்துவிட்டு அப்பா "பட்டன்" என்றான். அதுவே ஒட்டிக்கொண்டது. ஒரு மாதமாக அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான்: "நானே". பல் தேய்ப்பது நானே. பால் ஊற்றுவது நானே. தரையில் கொட்டிய பாலைத் துடைப்பதும் நானே. துடைத்த பிறகு தரை முன்னைவிடப் பெரிதாக நனைந்திருக்கும்.

அந்த வாரம் ஒருநாள் காலை ஷூவையும் நானே என்றாள். வாசல்படியில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, சர்ஜன் மாதிரி ஒரு நிதானத்தோடு மாட்டினாள். இடது காலில் வலது ஷூ, வலது காலில் இடது ஷூ. திருத்தப் போன அம்மாவிடம், கால் இப்படித்தான் போக ஆசைப்படுகிறது என்று விளக்கம் சொன்னாள். மணி ஆகிவிட்டது. டிரைவரம்மா அப்படியே விட்டுவிட்டு, அவள் பின்னால் மண்டியிட்டுத் தலைவாரத் தொடங்கினாள்.

முடி நார்நாராக முரண்டு பிடித்தது. குனிந்து முகர்ந்தாள். ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஒரு மருந்து வாசனை.

"தலையில என்னடி வாசனை?"

பட்டன் திரும்பக்கூட இல்லை. "நேத்து அத்தை பாத்ரூம் கழுவினாங்க. வெள்ளை மருந்து ஊத்தி. நான் வெளியதான் நின்னேன். கதவு திறந்திருந்துச்சா, வாசனை ஓடி வந்து என் தலையில உக்காந்துடுச்சு."

டிரைவரம்மா சிரித்துவிட்டாள். வாசனை ஓடி வந்து உட்கார்ந்ததாம். சமையலறையில் நாத்தனார் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கனவே கழுவிய டம்ளரை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அது அப்போது டிரைவரம்மாவின் கண்ணில் பட்டதே தவிர, கருத்தில் படவில்லை.

டிப்போவுக்குப் போய் முதல் வேலையாகக் கண்டக்டரிடம் இதைச் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். மூன்று பிள்ளை பெற்றவர், பேசுவதற்கு ஆள் கிடைத்தால் விடமாட்டார். இந்த வயதுதான் வயது, இனிமேல் பாருங்கள், வாயைத் திறந்தாலே கதையாகக் கொட்டும் என்றார்.

பன்னிரண்டு மணி வரை எல்லாம் வழக்கம்போலத்தான் போனது. அதற்கப்புறம் மார்க்கெட் ரோட்டைக் குழாய் பதிக்கத் தோண்டிவிட்டார்கள் என்று, பஸ்களை வேறு வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார்கள். அவள் ஓட்டிப் பழகாத தெரு. இரண்டு பக்கமும் மரம், குறுகலான ரோடு, எதிரே வருகிறவன் ஒதுங்கினால்தான் வழி. நர்சரி விட்டு அரைமணி நேரம் ஆகியிருக்கும். ஒரு சிக்னலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, இடம் போதுமா என்று பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தாள்.

நடைபாதையில் ஒரு சின்ன உருவம் துள்ளித் துள்ளிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு ஷூவும் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்ட மாதிரி வெளிப்பக்கம் திரும்பியிருந்தன.

பட்டன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நாத்தனார். நாத்தனாரின் தோளில் ஒரு பெரிய பை, அதிலிருந்து வழிகிற துண்டு.

இந்நேரம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூங்க வேண்டியவர்கள். எங்கே போகிறார்கள் என்று நினைப்பதற்குள் இரண்டு பேரும் ஒரு நீல கேட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். மதிலில் ஆள் உயர எழுத்து. நீச்சல் குளம்.

சிக்னல் பச்சையாகிவிட்டது. பின்னால் ஹாரன். பஸ் நிறைய ஜனம், உட்கார்ந்தவர்கள், தொங்குகிறவர்கள், மடியில் மூட்டை வைத்தவர்கள். கை கியரைப் போட்டது, கால் கிளட்சை விட்டது. மனசு மட்டும் அந்தக் கேட்டருகே இறங்கிக்கொண்டது.

டிரைவரம்மாவுக்குத் தண்ணீரென்றால் ஆகாது. எட்டு வயதில் குடும்பத்தோடு ஓர் ஏரிக்கரைக்குப் போனபோது, படியில் உட்கார்ந்து கால் நனைத்துக்கொண்டிருந்தவள் வழுக்கி உள்ளே போய்விட்டாள். அலறவும் முடியவில்லை. உள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தால், மேலே படியில் அவள் அம்மாவின் செருப்புக் கால்கள் தெரிந்தன. அம்மா யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். கால்கள் அசையவே இல்லை. யாரோ ஒருவர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கும்வரை அந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முங்கியதைவிட, அம்மா அங்கேயே இருந்தும் தெரியாமல் போனதுதான் அவளுக்குள் உறைந்துபோனது.

அதற்கப்புறம் கணுக்காலுக்கு மேல் எந்தத் தண்ணீரிலும் அவள் இறங்கியதில்லை. நர்சரியில் நீச்சலுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறோம், உங்கள் பெண்ணையும் சேர்க்கிறீர்களா என்று டீச்சர் கேட்டபோது, யோசிக்காமல் வேண்டாம் என்றாள். பட்டன் பக்கத்தில் நின்று இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாளே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் கண்டக்டர் முன்னால் வந்து, என்ன ஆச்சு, முகம் வெளுத்துப்போயிருக்கே என்றார். டிரைவரம்மா ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"பாத்ரூம் கழுவவே இல்ல. காலைல நான் உங்ககிட்ட சொல்லிச் சிரிச்சேனே, அது பொய்."

சொல்லும்போதே அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பயமா, கோபமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நேற்றுவரை அந்தக் குழந்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது. பிஸ்கட் டப்பாவைத் திறந்தது யார் என்றால், வாயெல்லாம் தூளோடு "நான்தான்" என்பாள். மனசில் வருவதெல்லாம் அப்படியே முகத்தில் வரும். முகத்தைப் பார்த்தால் போதும், உள்ளே என்ன ஓடுகிறது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

இன்று காலை ஒன்றும் தெரியவில்லை. கதவு, மருந்து, தான் நின்ற இடம், வாசனை வந்த வழி. ஒரு வக்கீல் கூட இவ்வளவு பொருத்தமாக அடுக்கமாட்டார். திரும்பிப் பார்க்காமல் சொன்னாளே, அதுகூடத் தெரிந்து செய்ததுதானா? தன் வயிற்றிலிருந்து வந்த பிள்ளைக்குள் தனக்குத் தெரியாத ஓர் அறை இருக்கிறது. அதற்குக் கதவும் இருக்கிறது. கதவைச் சாத்தவும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இது எப்போது நடந்தது? இவள் எந்த நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது நடந்தது?

கண்டக்டர் ஏதோ சமாதானம் சொன்னார். அவருடைய பெரிய பையன் முதல் பொய் சொன்ன அன்று வீட்டில் அடி கொடுத்தார்களாம். ராத்திரி படுத்த பிறகு, இவனுக்கு மூளை வந்துவிட்டதே என்று மனைவியிடம் பெருமைப்பட்டுக்கொண்டாராம். டிரைவரம்மா காதில் அது பாதிதான் விழுந்தது.

டெர்மினஸில் வண்டியை ஸ்பேர் டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டில் அவசரம் என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் கிளம்புகிற பஸ்ஸில் ஏறினாள். பயணியாக உட்கார்ந்து எத்தனையோ நாளாகிவிட்டது. அந்த டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் இவள் கால் தரையை மிதித்தது. நீல கேட்டில் இறங்கியபோது வலது கணுக்கால் வலித்தது.

உள்ளே போனால் வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. அதே வாசனை. முன்னறையில் இருந்த பெண் ஷூவைக் கழற்றச் சொன்னாள். ஈரத்தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் நீலமாக ஒரு பெரிய தண்ணீர், கூரை விளக்குகளைத் துண்டுதுண்டாக உடைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. ஓரத்து ஆழமில்லாத பகுதியில் நாலைந்து குழந்தைகள். கழுத்தில் விசிலோடு, இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார் கோச். கொஞ்சம் தள்ளி நாத்தனார்.

நாத்தனாரின் இரண்டு கையும் தண்ணீருக்கு மேலே இருந்தன. சும்மா இருந்தன. எதையும் பிடித்திருக்கவில்லை.

அவளுக்கு முன்னால், ஒரு கை தூரத்தில், பட்டன் மல்லாந்து கிடந்தாள்.

டிரைவரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட வாய் திறந்தது. கோச் அவளைப் பார்த்துவிட்டார். டிரைவர் சட்டையையும் முகத்தையும் பார்த்தே யாரென்று புரிந்திருக்க வேண்டும். உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். பக்கவாட்டில் மெல்ல நடந்து வந்து, தணிந்த குரலில், இப்போது கூப்பிடாதீர்கள், திடுக்கிட்டால் தண்ணீர் குடிப்பாள், நான் இருக்கிறேன் என்றார்.

கூப்பிடாமல் நிற்பது இத்தனை கஷ்டமான வேலை என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பட்டனின் காதுகள் தண்ணீருக்குள் இருந்தன. முடி நாலாபக்கமும் விரிந்து, ஒவ்வொரு இழையும் தனித்தனியாக அசைந்துகொண்டிருந்தது. கைகள் இரண்டும் பக்கத்தில் விரிந்து, உள்ளங்கை மேலே பார்த்து, எதையும் கேட்காத கைகளாகக் கிடந்தன. வயிறு மூச்சோடு ஏறியது. உடம்பு கொஞ்சம் உயர்ந்தது. இறங்கியது, உடம்பும் கொஞ்சம் தாழ்ந்தது. அவ்வளவுதான். அவள் எதுவும் செய்யவில்லை. தண்ணீரும் அவளை ஒன்றும் செய்யவில்லை.

முகம்தான் டிரைவரம்மாவை அசைய விடாமல் செய்தது. சிரிப்பில்லை, பயமில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, தூரத்தில் யாரோ பேசுவதைக் கவனிக்கிற மாதிரி ஒரு முகம். தூங்கும்போது அவளைப் பார்த்திருக்கிறாள், ஜுரத்தில் பார்த்திருக்கிறாள், அடம்பிடித்துத் தரையில் புரளும்போது பார்த்திருக்கிறாள். இந்த முகத்தைப் பார்த்ததில்லை. நாலு வயதில் ஒரு மனுஷி இவ்வளவு தனியாக, இவ்வளவு நிம்மதியாக இருக்க முடியுமா? இவளைத் தான்தான் பெற்றோம் என்பதே ஒரு கணம் நம்ப முடியாத செய்தியாகத் தோன்றியது. கண்ணில் நீர் கட்டியது. அது எதற்கென்றும் தெரியவில்லை.

பட்டன் மெல்லக் காலைக் கீழே இறக்கி நின்றாள். தண்ணீர் அவள் மார்பளவுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியவள் அம்மாவைப் பார்த்தாள்.

பிடிபட்ட குழந்தை ஓடி ஒளியும், இல்லை அழும். பட்டன் முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

"இப்பவே ஏம்மா வந்தே? நான் இன்னும் ரெடி ஆகல."

நாத்தனாருக்கு முகம் செத்துப்போய்விட்டது. "அண்ணி..." என்று ஆரம்பித்தாள். டிரைவரம்மா அவள் பக்கம் பார்க்கவில்லை. இப்போது பார்த்தால் என்ன பேசுவோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

பட்டன் படிவரை நடந்து வந்து, விஷயம் சொல்ல அம்மாவைக் குனியச் சொன்னாள். ரகசியம் பேசுகிற குரலில், ஆனால் குளம் முழுக்கக் கேட்கும்படி, தண்ணீருக்குள் காதை வைத்தால் யாரோ டொக் டொக் என்று தட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்றாள். அத்தையைக் கேட்டாளாம், நீயே கண்டுபிடி என்றாளாம். மூன்று தடவை உள்ளே கேட்டுப் பார்த்தாயிற்று. தட்டுகிறவர் போகவும் மாட்டேன் என்கிறார், உள்ளே வரவும் மாட்டேன் என்கிறார்.

"அது நீதான்," என்றாள் டிரைவரம்மா. குழந்தையின் ஈரக்கையை எடுத்து அவள் நெஞ்சிலேயே வைத்தாள். "இங்க இருந்து தட்டறது. எப்பவும் தட்டிட்டுத்தான் இருக்கும். வெளிய சத்தமா இருக்கறதால கேக்கறதில்ல."

பட்டன் கையை நெஞ்சில் வைத்தபடி நின்றாள். அவள் வாய் லேசாகத் திறந்தது. தனக்குள் இப்படி ஒரு ஆள் ஓயாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை இவ்வளவு நாளாக யாருமே தனக்குச் சொல்லவில்லையே என்பது போல, அம்மாவை, அத்தையை, கோச்சை வரிசையாகப் பார்த்தாள்.

"தூங்கும்போதும்?"

"தூங்கும்போதும்."

அதை ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, பட்டன் அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்தாள். இறங்கு என்றாள். டிரைவரம்மா சிரித்து மழுப்பப் பார்த்தாள். யூனிஃபார்ம் நனைந்துவிடும் என்றாள். காய்ந்துவிடும் என்றாள் பட்டன்.

பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். தண்ணீர் கணுக்காலைச் சுற்றியது. இரண்டாவது படி. பழைய ஏரிக்கரை கண்முன் வந்து போனது. மூன்றாவது படியில் நின்றபோது சுருட்டிய பேண்ட் நனைந்து கனத்தது. விழுந்துவிடுவோமோ என்று ஒரு கை தானாகக் கம்பியைத் தேடியது. அந்தக் கை தேடுவதைப் பட்டன் பார்த்தாள். தன் தோளை அதற்கு அடியில் கொண்டுவந்து வைத்தாள். அம்மாவின் கை அவள் தோளில் ஊன்றிக்கொண்டது.

அப்புறம் பட்டன் பாடம் எடுத்தாள். "உன் கையைக் கீழ வெச்சுக்கோ. என் முதுகுக்குக் கீழ. ஆனா தொடக் கூடாது. தொட்டா எனக்கு மறந்துடும்."

டிரைவரம்மா குனிந்து இரண்டு கையையும் தண்ணீருக்குள் விரித்தாள். குழந்தை மெல்லச் சாய்ந்து, தலையை வைத்து, காலைத் தூக்கினாள். அந்தச் சின்ன முதுகு கைகளுக்கு மேலே வந்து நின்றது. கைக்கும் முதுகுக்கும் நடுவில் நாலு விரல் தண்ணீர். தொடவில்லை. அந்த நாலு விரல் தண்ணீர்தான் பட்டனைத் தாங்கிக்கொண்டிருந்தது. டிரைவரம்மா தன் உள்ளங்கையில் அதன் மெல்லிய அசைவை உணர்ந்தாள். முப்பது வருஷமாக அவள் பயந்த தண்ணீர், அவள் பிள்ளையை ஒரு பொருளை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டிருந்தது.

கைகளை விலக்கவும் இல்லை, தொடவும் இல்லை. கோச் அப்போது சொன்னாராம், பிள்ளைகளைவிட அம்மாக்களுக்குத்தான் இந்தப் பாடம் நாளாகும் என்று. அதையெல்லாம் கேட்கிற நிலைமையில் அவள் இல்லை.

உடை மாற்றி முடித்து, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பட்டன் கோச்சோடு மிதவைப் பலகைகளை அடுக்கப் போனாள். அதையும் நானே என்றுதான் போனாள். நாத்தனாரும் டிரைவரம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஈரப் பேண்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்னைக் கேக்காம செஞ்சிருக்கே," என்றாள் டிரைவரம்மா.

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா அண்ணி?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

இந்தத் துணிச்சலை டிரைவரம்மா எதிர்பார்க்கவில்லை. கோபம் சுரீரென்று ஏறியது. என் பிள்ளை விஷயத்தில் முடிவெடுக்க நீ யார் என்று கேட்டேவிட்டாள். அதைவிட, பிள்ளையைப் பொய் சொல்ல வைத்துவிட்டாயே என்றாள். நாத்தனார் அதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மாவிடம் அப்புறமாகச் சொல்லலாம் என்று சொன்னது உண்மை. பாத்ரூம் கழுவிய கதை முழுக்க முழுக்கப் பட்டனுடைய சொந்தச் சரக்கு. காலையில் அதைக் கேட்டுத் தனக்கே தூக்கிவாரிப் போட்டது, டம்ளர் கையிலிருந்து நழுவப் பார்த்தது என்றாள்.

அவளே தொடர்ந்தாள்.

"வந்த புதுசுல அவளைக் குளிப்பாட்டினேன் அண்ணி. தலையில ஒரு சொம்பு ஊத்தினதும் மூச்சை அடக்கிட்டு, ரெண்டு கையாலயும் சுவரைப் பிடிச்சுக்கிட்டா. அப்படியே நீங்க மழையில ரோடு கடக்கற மாதிரி. தண்ணியில அவளுக்கு எதுவுமே நடந்ததில்ல. ஆனா பயம் மட்டும் இருந்துச்சு. அது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

டிரைவரம்மா எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பட்டன் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு போய் அடுக்கின் மேல் எம்பி வைத்தாள், அது சரிந்து விழுந்தது, மறுபடி எடுத்தாள். தான் எதையும் சொல்லிக் கொடுக்காமலே அந்தக் குழந்தை தன்னிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. எடுத்துக்கொண்டதைத் தானே கீழே வைக்கவும் அவளால் முடிந்திருக்கிறதே என்று நினைத்தபோது, அதற்கு என்ன பேர் சொல்வதென்று தெரியவில்லை.

"நீ செஞ்சது தப்புதான்," என்றாள் கடைசியில். "அதை நான் மறக்க மாட்டேன். ஆனா அடுத்த கிளாஸ் என்னைக்குன்னு சொல்லு. லீவு போடணும்."

நாத்தனார் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவள் டிரைவரம்மாவின் கையைப் பிடித்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அதற்குள் பலகை அடுக்கு மொத்தமாகச் சரிந்து சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எழுந்து ஓடினார்கள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. எதிர்வரிசையில் ஒரு பேக்கரி. நாத்தனார் ரொட்டி வாங்கிவருகிறேன் என்று ரோட்டைக் கடந்து போனாள். அம்மாவும் மகளும் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பட்டனின் கால்கள் தரையை எட்டாமல் ஆடின.

டிரைவரம்மாவுக்குத் திட்ட மனசு வரவில்லை. ஆனால் சொல்லாமல் விடவும் முடியாது. வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"பட்டன், ரகசியம் வெச்சுக்கலாம். தப்பில்ல. ஆனா ஒரு ரகசியம் உன் வயித்துக்குள்ள கிடந்து வலிச்சா, அதை மட்டும் அம்மாகிட்ட சொல்லிடணும். யார் சொல்லாதேன்னு சொன்னாலும் சரி. புரியுதா?"

பட்டன் இதைக் காதில் வாங்கிக்கொண்ட விதமே தனி. சட்டையைத் தூக்கிக் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். ஒரு விரலால் அங்கங்கே அழுத்திச் சோதித்தாள். தொப்புளுக்குள்ளும் ஒரு பார்வை பார்த்தாள்.

"வலிக்கல," என்றாள். "நீச்சல் ரகசியம் போயிடுச்சு. இன்னொண்ணு இருக்கு. ஆனா அது என் வயித்துல இல்லம்மா."

"பின்னே எங்க இருக்கு?"

"அத்தை வயித்துல."

ஒரு லாரி கடந்து போனது. டிரைவரம்மாவின் காதுக்கு அந்தச் சத்தம் எட்டவில்லை.

பட்டன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தானே என்கிற தோரணையில் மிச்சத்தையும் சொன்னாள். அது ரொம்பச் சின்னதாம். அதுக்கும் உள்ளே டொக் டொக் என்று தட்டுமாம். இப்போது அதுவும் தண்ணிக்குள்ளேதான் மிதக்குதாம். யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லையாம், அதுவாகவே மிதக்குதாம்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாத்தனார் ரொட்டிப் பையோடு வெளியே வந்தாள். கைப்பையில் போன் அடித்திருக்க வேண்டும். எடுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பேசாமலே திரும்ப உள்ளே வைத்துவிட்டு, வண்டிகள் ஓயக் காத்து நின்றாள்.

இத்தனை நாள் அந்த வீட்டில் எல்லோரும் துருவித் துருவிக் கேட்டும் பிடிபடாத ஒன்று, ஒரு குழந்தையின் கையில் பத்திரமாக இருந்திருக்கிறது. போனில் கூப்பிட்டது அவள் புருஷனாகத்தான் இருக்கும், அவனுக்கு இது தெரியுமா? தெரிந்துதான் இவள் கிளம்பி வந்தாளா, தெரியக் கூடாதென்று வந்தாளா? டிரைவரம்மா பக்கத்தில் இருந்த சின்ன முகத்தைப் பார்த்தாள். அதில் இப்போது ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

"நான் சொன்னேன்னு அத்தைகிட்ட சொல்லாதே," என்றாள் பட்டன். "இது நம்ம ரகசியம்."

நாத்தனார் ரோட்டைக் கடந்து வந்து, சூடான பையை நீட்டிக்கொண்டே நின்றாள். "என்ன அண்ணி, அப்படிப் பார்க்கறீங்க?"

டிரைவரம்மா வாயைத் திறந்தாள். பெஞ்சுக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல், ஒரு சின்னக் கை வந்து அவள் விரலை அழுத்திப் பிடித்தது.

"ஒண்ணுமில்லயே," என்றாள் டிரைவரம்மா. "வெயில் கண்ணுல அடிக்குது."